ஒரு பெரிய பகா எண்ணை நோண்டிப் பாக்குறது எப்படி: 2147483647-ஐ வச்சு ஒரு வழிகாட்டி

பெரிய பகா எண்ணைப் பத்தித் தேடுனா முதல்ல வந்து நிக்கிறது எல்லாம் சாதனைச் செய்திதான், இத்தனை கோடி இலக்கம், இத்தனை கம்ப்யூட்டர் ராப்பகலா ஓடுச்சு, அப்டின்னு. சரி, அந்த எண்ணுக்குன்னு என்ன குணம் இருக்கு, அதை நம்மளே எப்படி செஞ்சு பாக்குறதுன்னு யாரும் உக்காந்து சொல்றதில்ல. ஸ்கூல் அளவு வகுத்தல், மீதி, வர்க்கம் தெரிஞ்சா போதும், மிச்சத்தை இங்க போகப்போக பாத்துக்கலாம்.

நான் எடுத்துக்கிட்டது 2147483647. இருநூத்துப் பதினாலு கோடியே எழுவத்துநாலு லட்சத்து எம்பத்துமூவாயிரத்து அறுநூத்து நாப்பத்தேழு. இன்னைக்கு நிலவரத்துக்கு இது சின்னப் பையன்தான், ஆனா கையால ஓரளவு தொட்டுப் பாக்கக்கூடிய சைஸு, அதுக்குள்ள கிட்டத்தட்ட எல்லா வித்தையும் அடங்கிருது.

இன்னொண்ணு ஆரம்பத்துலயே சொல்லிடுறேன். பகா எண்ணை உடைக்க முடியாது, அப்ப அதுக்குள்ள பாக்க என்ன இருக்குன்னு கேப்பீங்க. உள்ள ஒண்ணும் இல்லதான், பக்கத்துல பாக்கணும். அதுக்கு ஒண்ணு கம்மியான எண், ஒண்ணு அதிகமான எண், இந்த ரெண்டையும் உடைச்சீங்கன்னா நடுவுல உக்காந்திருக்கவரோட ஜாதகமே வந்துரும். கீழ வர்ற பாதிக்கு மேல இந்த ஒரே வேலைதான்.

படி 0: என்ன வேணும்

பைத்தான் இருந்தா போதும், வேற எதுவும் இன்ஸ்டால் பண்ண வேணாம். அதுல முழு எண் எவ்ளோ பெருசானாலும் அப்படியே வச்சுக்கும். முக்கியமா ‘பவ்’ ஃபங்க்ஷன், அதுக்கு மூணு எண் குடுக்கலாம்: எந்த எண், எத்தனாவது அடுக்கு, எதால வகுத்து மீதி வேணும். அடுக்கு பல கோடியில இருந்தாலும் கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள விடை வரும், ஏன்னா அது ஒவ்வொரு தடவையா பெருக்காம வர்க்கம், வர்க்கத்தோட வர்க்கம்னு தாவித்தாவிப் போகும், நம்ம எண் சைஸுக்கு 30 சொச்சம் தாவல்ல முடிஞ்சுரும்.

எக்செல்ல இதைப் பண்ணாதீங்க. அது 15 இலக்கம் வரைக்கும்தான் சரியா வச்சுக்கும், நம்ம எண்ணை வர்க்கம் பண்ணா 19 இலக்கம் வரும், கடைசி இலக்கங்கள் சத்தமே இல்லாம பூஜ்யமாயிரும். மீதிக் கணக்குல கடைசி இலக்கம் போச்சுன்னா எல்லாமே போச்சு. ஜாவாஸ்கிரிப்ட்லயும் சாதாரண நம்பர் 2^53 தாண்டுனா இதே கதைதான், அங்க பிக்இன்ட் போட்டுக்கோங்க. (2^53-ன்னா 2-ஐ 53 தடவை பெருக்குனது, கீழ பூரா இப்படித்தான் எழுதப்போறேன்.)

படி 1: எண்ணைப் பாத்துப் பழகிக்கோங்க

2^31 = 2147483648. அதுல ஒண்ணைக் கழிச்சா நம்மாளு. பைனரில எழுதுனா 31 ஒண்ணு வரிசையா நிக்கும், நடுவுல ஒரு சைபர்கூட கிடையாது. இப்படி 2-ஓட அடுக்குல ஒண்ணு கம்மியா வர்ற பகா எண்ணுக்கு மெர்சென் பகா எண்ணுன்னு பேரு, இது அந்த வரிசைல எட்டாவது. அடுக்கும் பகா எண்ணா இருந்தாத்தான் இது நடக்கும், ஆனா அடுக்கு பகா எண்ணா இருந்துட்டா மட்டும் போதாது, 2^11 − 1 = 2047 = 23 × 89. இந்த 2047-ஐ ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி ரெண்டு எடத்துல தேவைப்படும்.

கோட் எழுதுறவங்களுக்கு இந்த எண் ஏற்கனவே பழக்கமா இருக்கும், 32 பிட் சைன்டு இன்டிஜர்ல வைக்கக்கூடிய அதிகபட்சம் இதுதான். இதுக்கு மேல ஒண்ணு கூட்டுனா நிறைய மெஷின்ல −2147483648-ன்னு தலைகீழா விழும். 1970 ஆரம்பத்துல இருந்து செகண்டு எண்ணுற பழைய கடிகாரக் கணக்கு 2038 ஜனவரி 19, யுடிசி நேரம் 03:14:07-க்கு முட்டி நிக்கப்போறதும் இதே எண்ணுலதான். அந்த எடத்துக்கு ஒரு பகா எண் வந்து உக்காந்தது தற்செயல். 16 பிட்ல வர்ற 32767-ஐப் பாருங்க, 7 × 31 × 151-ன்னு உடைஞ்சுரும்.

படி 2: லேசான வடிகட்டல்

கடைசி இலக்கம் 7, அதனால 2, 5 ரெண்டும் அவுட். இலக்கம் எல்லாம் கூட்டுனா 46, மூணால போகாது. 7-க்கு என்ன பண்றது? நேரா வகுக்காதீங்க, 2-ஓட அடுக்கை வச்சுப் பாருங்க. 8-ஐ 7-ஆல வகுத்தா மீதி 1, அப்ப 2^30-க்கும் மீதி 1 (8-ஐ பத்து தடவை பெருக்குறது, ஒண்ணை ஒண்ணால எத்தனை தடவை பெருக்குனாலும் ஒண்ணுதான்), 2^31-க்கு மீதி 2, ஒண்ணு கழிச்சா 1. முடிஞ்சுது. பத்து இலக்க எண்ணை எழுதாமலே மீதி கண்டுபிடிச்சாச்சு. இந்தப் பழக்கம் வந்துருச்சுன்னா மிச்ச படியெல்லாம் சுலபம்.

எது வரைக்கும் வகுத்துப் பாக்கணும்? வர்க்கமூலம் வரைக்கும். 46340-ஓட வர்க்கம் 2147395600, 46341-ஓட வர்க்கம் 2147488281, நம்மாளு ரெண்டுக்கும் நடுவுல, அதனால 46340 வரைக்கும் இருக்குற பகா எண்களை மட்டும் பாத்தா போதும். அதுவே 4792 இருக்கு. கம்ப்யூட்டருக்கு ஒண்ணுமில்ல. பேனாவும் பேப்பரும் வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா?

படி 3: ஆய்லர் மாதிரி வகுத்துப் பாருங்க

எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம் இது, அதனால கொஞ்சம் நின்னு நிதானமா போவோம்.

நம்மாளை ஒரு பகா எண் வகுக்குதுன்னு வச்சுக்கோங்க, அதுக்கு வகுத்தின்னு பேர் வைப்போம். அப்ப அந்த வகுத்தியால வகுத்தா 2^31-க்கு மீதி 1 வரணும். ஃபெர்மா சொன்ன விதி ஒண்ணு இருக்கு, எந்தப் பகா எண்ணை எடுத்தாலும் அதுல ஒண்ணு கம்மியான அடுக்குக்கு 2-ஐ உயர்த்துனா அந்தப் பகா எண்ணால வகுக்குறப்ப மீதி 1 (2-ஐத் தவிர மத்த பகா எண்ணுக்கு). இந்த ரெண்டையும் சேத்துப் பாருங்க: 2 திரும்ப 1-க்கு வர்ற சுற்று 31, ஏன்னா 31 பகா எண், அதுக்குள்ள சின்ன சுற்று வர வழியில்ல. அப்ப வகுத்தியில ஒண்ணு கழிச்சா அது 31-ஆல வகுபடணும். வகுத்தி ஒற்றைப்படை வேற, அதனால 62-ஆல வகுபடணும். ஆக, 62-ஆல வகுத்து மீதி 1 வர்ற எண்கள் மட்டும்தான் போட்டியில இருக்கு. ஒரே அடில பெரும்பாலான ஆளுங்க வெளிய.

இன்னொரு அடி இருக்கு. 2^32-க்கு மீதி 2 வரும்ல, ஆனா 2^32 ங்குறது 65536-ஓட வர்க்கம். அதாவது அந்த வகுத்தியோட மீதிக் கணக்குல 2-க்கு ஒரு வர்க்கமூலம் இருக்கு. அப்படி இருக்கணும்னா அந்தப் பகா எண்ணை 8-ஆல வகுத்தா மீதி 1 இல்ல 7 தான் வரணும் (இது தனியா நிரூபிச்ச பழைய விதி, இப்போதைக்கு நம்பிக்கோங்க). 62, 8 ரெண்டு கண்டிஷனையும் சேத்தா 248-ஆல வகுத்து மீதி 1 இல்ல 63 வர்ற எண் மட்டும் மிஞ்சும்.

எண்ணிப் பாருங்க. 46340-க்குள்ள மீதி 1 வர்றது 249-ல ஆரம்பிச்சு 186 எண், மீதி 63 வர்றது 63-ல ஆரம்பிச்சு 187 எண். 63 பகா எண் இல்ல, தூக்கிருங்க, மொத்தம் 372. 4792 எங்க, 372 எங்க. இந்த 372-லயும் பகா எண் எதுன்னு பாத்துப் பொறுக்குனா நூத்துக்கும் கீழ வந்துரும்.

ஆரம்பத்துல இருக்குறதை நீங்களே செஞ்சு பாருங்க. 249 மூணால போகும், 497 = 7 × 71, 559 = 13 × 43, 745-உம் 1055-உம் அஞ்சால போகும், 807-உம் 993-உம் மூணால போகும், 1241 = 17 × 73. முதல்ல நிஜமா வகுத்துப் பாக்க வேண்டியது 311. 311 × 6905092 = 2147483612, மீதி 35. அடுத்து 1303, மீதி 226. அடுத்து 1489, மீதி 199. இப்படியே போகணும், எங்கயுமே மீதி சைபர் வராது.

1772-ல ஆய்லர் பெர்னூலிக்கு எழுதுன கடுதாசில இந்த முறையைச் சொல்லித்தான் இது பகா எண்ணுன்னு அறிவிச்சாரு. அதுக்கு ஏறக்குறைய 200 வருஷம் முன்னாடியே கட்டால்டின்னு ஒரு இத்தாலிக்காரர் அடுக்கு 23, 29, 31, 37 நாலுக்கும் பகா எண் வரும்னு சொல்லியிருந்தாரு, அதுல 31 ஒண்ணுதான் சரி. 2^23 − 1 = 47 × 178481, 2^29 − 1 = 233 × 1103 × 2089, 2^37 − 1-ஐ 223 வகுக்கும். மேல சொன்ன விதியை இதுக்கும் போட்டுப் பாருங்க: 47-ல ஒண்ணு கழிச்சா 46 = 2 × 23, 223-ல ஒண்ணு கழிச்சா 222 = 6 × 37. ரெண்டு மூணு வகுத்தல்லயே சிக்கியிருக்கும்.

ஆய்லருக்கு அப்புறம் 80 வருஷத்துக்கும் மேல தெரிஞ்சதுலயே பெரிய பகா எண் இதுதான். 1811-ல பீட்டர் பார்லோன்னு ஒரு ஆங்கிலேயர், இதை வச்சு வர்ற நிறைவெண்ணைவிட (அது என்னன்னு படி 8-ல வரும்) பெரிய நிறைவெண்ணை அநேகமா எவனும் கண்டுபிடிக்கப் போறதில்ல, உபயோகம் இல்லாத விஷயத்துக்கு யார் மெனக்கெடுவான்னு எழுதி வச்சாரு. இப்ப தெரிஞ்சதுல பெரிய பகா எண் 2^136279841 − 1, 2024 அக்டோபர்ல அறிவிச்சது, 4 கோடியே 10 லட்சத்துச் சொச்சம் இலக்கம். பாவம் மனுஷன்.

படி 4: ஃபெர்மா டெஸ்ட், அதுல இருக்குற பொறி

பகா எண்ணா இல்லையான்னு வேகமா பாக்க எல்லாரும் முதல்ல கத்துக்குறது இது: ஏதாவது ஒரு அடிமானம் எடுத்து, எண்ணுல ஒண்ணு கம்மியான அடுக்குக்கு உயர்த்தி, எண்ணால வகுத்து மீதி பாரு, 1 வரலைன்னா கண்டிப்பா பகா எண் இல்ல. 1 வந்தா பகா எண்ணா இருக்கலாம்.

புதுசா வர்றவங்க எல்லாரும் 2-ஐத்தான் அடிமானமா போடுவாங்க. மெர்சென் எண்ணுல அது சுத்த வேஸ்ட். 2047-ஐப் போட்டுப் பாருங்க, 2^2046-ஐ 2047-ஆல வகுத்தா மீதி 1, பாஸ். ஆனா அது 23 × 89. காரணம் நேரடியானது, 2^11-க்கு மீதி 1, 2046 = 11 × 186, அப்ப 2^2046-க்கும் 1 வந்துதானே ஆகணும். அடுக்கு பகா எண்ணா இருந்தா எந்த மெர்சென் எண்ணும் 2-கிட்ட பாஸ் ஆயிரும், அதனால அந்த ரிசல்ட்டுக்கு மதிப்பே கிடையாது. 3-ஐப் போடுங்க: 3^2046-க்கு மீதி 1013, மாட்டிக்கிச்சு. நம்மாளுக்கு 3 போட்டாலும் 1 வரும், 7 போட்டாலும் 1 வரும். ஆனா இது இன்னும் சந்தேகத்தைக் கொறைக்குற வேலைதான், நிரூபணம் ஆகல.

படி 5: கீழ் வீட்டை உடைங்க

2147483646. இதை உடைக்க வகுத்துக்கிட்டு உக்கார வேணாம். இது 2 × (2^30 − 1), 2^30 − 1 ங்குறது (2^15 − 1) × (2^15 + 1), அதாவது 32767 × 32769. முதல்ல உள்ளதை மேலயே பாத்துட்டோம், 7 × 31 × 151. ரெண்டாவது 9 × 11 × 331. ஆக மொத்தம்:

2147483646 = 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331

எல்லாமே குட்டி எண்கள். இப்படி அமையுறது பெரிய அதிர்ஷ்டம், பல பெரிய பகா எண்ணுக்குக் கீழ் வீட்டை உடைக்குறதே பெரும்பாடு. உடைச்சாச்சுன்னா முழு நிரூபணம் கைக்கு வந்துரும், அதுக்கு 7-ஐ அடிமானமா எடுத்துக்கோங்க.

முதல்ல 7^2147483646-க்கு மீதி 1 வருதான்னு பாருங்க, வரும். அப்புறம் அந்த அடுக்கை ஒவ்வொரு காரணியாலயும் வகுத்து, வர்ற அடுக்குக்கு 7-ஐ உயர்த்துங்க. 2-ஆல வகுத்தா அடுக்கு 1073741823, 3-க்கு 715827882, 7-க்கு 306783378, 11-க்கு 195225786, 31-க்கு 69273666, 151-க்கு 14221746, 331-க்கு 6487866. இந்த ஏழுலயும் மீதி 1 வரவே கூடாது. முதலாவதுல 2147483646 வரும், அதாவது −1. மத்ததுல என்னென்னமோ பெரிய எண் வரும், 1 மட்டும் வராது.

ஏன் இது நிரூபணம்? 7 திரும்ப 1-க்கு வர்ற சுற்றோட நீளம் 2147483646-ஐ வகுக்கணும், ஆனா அதைவிடச் சின்ன சுற்று எதுவும் இல்லைன்னு ஏழு சோதனையும் சொல்லிருச்சு. அப்ப சுற்று முழு நீளம். அதாவது 1-ல இருந்து 2147483646 வரைக்கும் எல்லா எண்ணையும் 7-ஓட அடுக்குகள் ஒருதடவை தொட்டுட்டு வருது, நம்மாளோட பொதுக் காரணி இருக்குற எண்ணை அதால தொடவே முடியாது, அதனால அப்படி ஒரு எண்ணே கிடையாது. இப்படி எட்டு கணக்கை எழுதிக் குடுத்தா யார் வேணா சரிபாத்துக்கலாம், இதை 1975-ல பிராட் ஒரு சான்றிதழ் மாதிரி முறையா வகுத்துக் குடுத்தாரு, அதனால பிராட் சர்டிஃபிகேட்னே சொல்றாங்க.

இதே சோதனையை 2 போட்டுச் செஞ்சீங்கன்னா 3-ஆல வகுத்த அடுக்குலயே 1 வந்துரும், பயப்படாதீங்க, எண்ணுல கோளாறு இல்ல. 2-ஓட சுற்று வெறும் 31 தான், அது 715827882-ஐ வகுக்கும். முழுச் சுற்று போற அடிமானத்துக்கு பிரிமிட்டிவ் ரூட்னு பேரு, நம்மாளுக்கு அதுல மிகச் சின்னது 7. மொத்தம் எத்தனைன்னும் காரணிகளை வச்சே சொல்லிடலாம்: 1 × 6 × 6 × 10 × 30 × 150 × 330 = 534600000. ஏறக்குறைய நாலுல ஒண்ணு, அதனால கண்ணை மூடி எடுத்தாலும் சீக்கிரம் ஒண்ணு மாட்டும்.

படி 6: அதை ஓட விட்டுப் பாருங்க

முழுச் சுற்றுன்னா என்னன்னு கண்ணால பாக்கணும்னா 7-ஓட அஞ்சாவது அடுக்கு 16807-ஐ எடுங்க. 2147483646-ஐ 5 வகுக்காது, அதனால இதுவும் பிரிமிட்டிவ் ரூட். 1-ல ஆரம்பிச்சு ஒவ்வொரு தடவையும் 16807-ஆல பெருக்கி நம்மாளால வகுத்து மீதி எடுத்துக்கிட்டே போங்க: 16807, 282475249, 1622650073, 984943658, 1144108930... பாக்க குலுக்கிப் போட்ட மாதிரியே இருக்கும். 214 கோடிச் சொச்சம் தடவை ஓடுனாத்தான் திரும்ப 1 வரும். ரேண்டம் நம்பர் குடுக்க இதை நிஜமாவே பயன்படுத்துனாங்க, 1988-ல பார்க், மில்லர்னு ரெண்டு பேர் குறைஞ்சபட்சத் தரமா இதையாவது வச்சுக்கோங்கன்னு பரிந்துரை பண்ணாங்க, சி++ லைப்ரரில இன்னமும் இருக்கு. உங்க கோட் சரியான்னு பாக்க ஒரு வழி: 1-ல ஆரம்பிச்சா பத்தாயிரமாவது எண் 1043618065 வரணும். பாஸ்வேர்டுக்கு மட்டும் இதைத் தொடாதீங்க, ஒரு எண் தெரிஞ்சா அடுத்தது எல்லாமே தெரிஞ்சுரும்.

மூணாவது எண் எப்படி வந்துச்சுன்னு கிட்ட போய்ப் பாப்போம், இதுல ஒரு குறுக்குவழி இருக்கு. 282475249 × 16807 = 4747561509943. இதை 2147483647-ஆல வகுக்கணும். ஆனா 2^31-க்கு மீதி 1 தானே, அதனால 2^31-ஆல வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்டுனா போதும். ஈவு 2210, மீதி 1622647863, கூட்டுனா 1622650073. வந்தாச்சு. 2^31-ஆல வகுக்குறது கம்ப்யூட்டருக்கு வகுத்தலே இல்ல, பிட்டை நகத்துறதுதான், மெர்சென் எண்ணை எல்லாரும் விரும்புறதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

படி 7: மேல் வீடு

மேல இருக்குறது 2147483648, அதாவது 2^31, இதைவிடச் சுத்தமா ஒரு எண் உடைய முடியாது. இதுல இருந்து வர்றதுதான் லூகாஸ் லேமர் சோதனை. லூகாஸ் 1870-கள்ல ஆரம்பிச்சாரு, லேமர் 1930-கள்ல இப்ப இருக்குற எளிய வடிவத்துக்குக் கொண்டுவந்தாரு (போன படில வந்த பெருக்கி மீதி எடுக்குற ரேண்டம் முறையை முன்வச்சதும் இதே லேமர்தான்). விதி ஒரே வரி: 4-ல ஆரம்பி, வர்க்கம் பண்ணி 2 கழி, மீதி எடு, இதை அடுக்குல ரெண்டு கம்மியான தடவை செய், கடைசில சைபர் வந்தா பகா எண், வரலைன்னா இல்ல. ‘இருக்கலாம்’ ங்குற பேச்சே இல்ல.

சின்னதுல பழகுங்க. 31-க்கு (2^5 − 1) மூணு தடவை: 4, 14, அப்புறம் 194-ஐ 31-ஆல வகுத்து மீதி 8, அடுத்து 64 − 2 = 62, மீதி சைபர். பாஸ். 2047-க்கு ஒம்போது தடவை: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. சைபர் இல்ல, ஃபெயில். இந்த ரெண்டும் உங்க கோட்ல சரியா வந்தப்புறம் நம்மாளுக்குப் போங்க, 29 தடவை. 4, 14, 194, 37634, 1416317954, 669670838-ன்னு போகும். கடைசிக்கு முந்தி 65536-ல வந்து நிக்கும். அதோட வர்க்கம் 4294967296, ரெண்டு கழிச்சா 4294967294, அது மிகச் சரியா 2 × 2147483647. மீதி சைபர். இதை முதல்தடவை ஸ்கிரீன்ல பாக்குறப்ப ஒரு தனி சந்தோஷம் வரும், முந்தின எண் வரைக்கும் கண்டமேனிக்குக் குதிச்சுக்கிட்டு இருந்தது திடீர்னு உருண்டையா ஒரு எண்ணுல வந்து இறங்கும்.

அது எப்படி 65536-ல வந்து இறங்குது? வர்க்கம் பண்ணி 2 கழிச்சா சைபர்னா அதுக்கு முந்தின எண் 2-ஓட வர்க்கமூலமா இருக்கணும், நம்மாளோட மீதிக் கணக்குல 2-ஓட வர்க்கமூலம் 65536-உம் அதோட நெகட்டிவும்தான். வர்க்கமூலம் எடுக்குறதும் இங்க ரொம்ப லேசு. எந்த எண்ணுக்கு மூலம் வேணுமோ அதை 29 தடவை தொடர்ந்து வர்க்கம் பண்ணுங்க, மூலம்னு ஒண்ணு இருந்தா அதுவே வந்து நிக்கும், ஏன்னா மேல் வீட்டை நாலால வகுத்தா 2^29. வந்ததை வர்க்கம் பண்ணிப் பாத்துக்கோங்க, பழைய எண் வரலைன்னா அதுக்கு மூலம் கிடையாது. −1-க்குக் கிடையாது. நாலால வகுத்து மீதி 3 வர்ற எந்தப் பகா எண்ணுக்கும் அப்படித்தான்.

படி 8: தெருவுல யார் யார் இருக்காங்க

இது சும்மா ஒரு பார்வை. முந்தின பகா எண் 2147483629, அடுத்தது 2147483659, இடைவெளி 18, 12. இந்த சைஸ்ல சராசரி இடைவெளி ஏறக்குறைய 21.5, அதனால ரொம்ப நெருக்கமும் இல்ல, தனிமையும் இல்ல. ரெட்டைப் பகா எண்ணான்னா இல்ல, ரெண்டு கம்மியானது அஞ்சால போகும், ரெண்டு அதிகமானது 3 × 715827883 (அந்த 715827883 பகா எண்ணுங்குறது தனிக் கதை). வரிசைல இது 105097565-ஆவது பகா எண். எண்ணை அதோட இயல் மடக்கையால வகுத்து மதிப்பிட்டா 9 கோடியே 99 லட்சம்னு வரும், நிஜம் 10 கோடியே 50 லட்சத்துக்கு மேல, அந்த மதிப்பீடு இந்த சைஸ்லயும் அஞ்சு சதவீதம் கம்மியாத்தான் சொல்லும்.

நிறைவெண்ணும் இங்கயே இருக்கு. நம்மாளை 2^30-ஆல பெருக்குனா 2305843008139952128, அதைத் தவிர அதோட மத்த வகுத்திகள் எல்லாம் கூட்டுனா அதே எண் வரும், எட்டாவது நிறைவெண். மெர்சென் பகா எண் எதுக்கும் இப்படி ஒரு ஜோடி உண்டு, யூக்ளிட் காலத்துலயே தெரிஞ்ச விஷயம்.

படி 9: ஒரு ஆசையை உடைச்சுப் பாருங்க

2^5 − 1 = 31 பகா எண். 2^31 − 1 பகா எண். அப்ப 2-ஐ நம்மாளோட அடுக்குக்கு உயர்த்தி ஒண்ணு கழிச்சா அதுவும் பகா எண்ணா இருக்குமான்னு தோணும், தோணாம இருக்காது. 64 கோடிக்கு மேல இலக்கம் வர்ற எண் அது, எழுதிப் பாக்கவே ஒரு டிஸ்க் வேணும். ஆனா அதை எழுதவே தேவையில்ல, படி 3-ல பாத்த விதி போதும்: அதோட வகுத்தி எதுவா இருந்தாலும் ஒண்ணு கழிச்சா 4294967294-ஆல வகுபடணும். 4294967294 × 68745 + 1 = 295257526626031. பைத்தான்ல பவ்-க்கு 2, 2147483647, 295257526626031 மூணையும் குடுங்க, 1 வரும். அதாவது அந்த 15 இலக்க எண் அந்த ராட்சசனை மீதியில்லாம வகுக்குது, சங்கிலி அங்க அறுந்துருச்சு.

உங்களால ஒரு லூப் எழுத முடியும்னா 68745-ஐ நான் சொல்லாமலே நீங்க கண்டுபிடிக்கலாம். பெருக்குற எண்ணை 1, 2, 3-ன்னு ஏத்திக்கிட்டே போங்க, 8-ஆல வகுத்து மீதி 1, 7 இல்லாததைத் தள்ளிருங்க, மிச்சத்துக்கு பவ் போடுங்க. லேப்டாப்ல சில வினாடிக்கு மேல ஆகாது. முதல்ல 1 காட்டுறது அதுதான்.